ஆஸ்பென் தோப்பும் சேஜ் புதரும்: திட்டமிட்டு எரித்தால் மேய்ச்சல் திரும்புமா?

மலையோரம் எழுதியது:

வணக்கம். ஐடஹோவின் தென்கிழக்கு மூலையில், கணவர் வீட்டாரின் மாட்டுப்பண்ணையில் இருக்கிறேன். எங்கள் மேல் நிலம் சுமார் 7,000 அடி உயரத்தில் வடக்குப் பார்த்த சரிவு. அங்கே பெரிய ஆஸ்பென் தோப்பு ஒன்று உண்டு; வெள்ளைப் பட்டையுள்ள, இலை உதிர்க்கும் மரம் அது. மாமனார் சிறுவனாக இருந்தபோது முழுக்க வெள்ளைத் தண்டும், கீழே இடுப்பளவு புல்லுமாக இருக்குமாம். இன்று உள்ளே போனால் பாதிக்குமேல் டக்ளஸ் ஃபர், சப்ஆல்பைன் ஃபர் என்ற ஊசியிலை மரங்கள்தான். மிச்சமிருக்கும் ஆஸ்பென் எல்லாம் கிழடு. தண்டில் கருப்புப் புண், உச்சிக்கிளை காய்ந்து நிற்கிறது. தரை முழுக்க ஊசியிலைச் சருகு. புல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

தோப்புக்குக் கீழே நடுச்சரிவு. அங்கே சேஜ்பிரஷ் (சேஜ்) புதர் மாடு நுழைய வழியில்லாமல் அடர்ந்து கிடக்கிறது. இன்னும் கீழே, சாலையோரம், 5,000 அடி வாக்கில் தெற்குப் பார்த்த காய்ந்த சரிவு. அங்கும் சேஜ்தான், ஆனால் குட்டை. இடையிடையே சீட்கிராஸ் என்ற களைப்புல் தலைகாட்டுகிறது.

மேய்ச்சல் நில ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இலையுதிர்காலத்தில் திட்டமிட்டு எரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாருக்கு ஒரே உற்சாகம். எரிப்பதானால் மேலிருந்து சாலை வரை ஒரே வீச்சில் எரித்துவிடுவோம் என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 2022-ல் நியூ மெக்சிகோவில் வனத்துறையே வைத்த தீ கைமீறி மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் போனதே!

என் சந்தேகங்கள்: சாகப்போகும் மரத்துக்குத் தீ வைத்தால் அது எப்படிப் பிழைக்கும்? சேஜையும் சேர்த்து எரிக்கலாமா? எரித்தபின் மாடுகளை எத்தனை காலம் வெளியே வைக்க வேண்டும்? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கருங்கோடு எழுதியது:

சகோதரி, நான் யூட்டாவிலும் ஐடஹோவிலும் எரிப்புக் குழுக்களில் பல வருடம் டிரிப் டார்ச் (எரியும் எண்ணெயைச் சொட்டவிட்டுத் தீ வைக்கும் கருவி) சுமந்தவன். இப்போது எரித்த இடங்களுக்குப் போய்ச் செடிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. உங்கள் மூன்று சரிவுக்கும் மூன்று வேறு பதில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் ‘ஒரே வீச்சு’ மட்டும் வேண்டவே வேண்டாம். தோப்பை எரிக்கலாம், அதுவும் நன்றாகச் சூடாகவே. நடுச்சரிவை அங்கங்கே திட்டுத்திட்டாக எரிக்கலாம். கீழ்ச்சரிவில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

முதலில் தோப்பு. ஆஸ்பெனின் பட்டை மெல்லியது, மிதமான தீயே தண்டைக் கொன்றுவிடும். ஆனால் உயிர் இருப்பது வேரில். தாய் வாழையை வெட்டினால் கிழங்கிலிருந்து பக்கக்கன்று கிளம்புகிற மாதிரிதான் இதுவும். உச்சியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாக வேருக்கு இறங்கி, புதுத் தளிர் எழாமல் அடக்கி வைக்கிறது. தண்டு செத்தால் அந்த வரத்து நிற்கிறது, வேர் நெடுக மொட்டு விழிக்கிறது. தீக்குப் பிறகு தரை கருத்து, நிழலும் போய், வெயில் நேராக மண்ணைச் சூடாக்கும். அதுவும் கன்றுகளைத் தூண்டும். நல்ல தோப்பில் ஏக்கருக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வேர்க்கன்று எழுவதுண்டு. யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் இருக்கும் ‘பாண்டோ’வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 106 ஏக்கரில் சுமார் 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே வேரின் பிள்ளைகள்.

தீ அடங்கி அடுத்த கோடையில் எரித்த இடத்துக்குப் போனால் நான் முதலில் செய்வது மண்வெட்டியால் ஒரு கன்றைச் சுற்றித் தோண்டுவது. கையளவு ஆழத்துக்குள்ளேயே விரல் தடிமனில் ஒரு வேர் படுக்கையாக ஓடும். அதன்மேல் கன்றுகள் வரிசையாக நிற்கும். கிளறிய மண்ணில் பழைய கரித்துண்டும் புது வெள்ளை வேரும் கலந்து வரும். இவ்வளவு மேலாக வேர் ஓடுவதால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: வெட்டிய ஃபர் கட்டைகளைத் தோப்புக்குள் குவித்து எரிக்காதீர்கள். குவியல் மணிக்கணக்கில் கனன்று கீழே இருக்கும் வேரைச் சமைத்துவிடும். தீ சூடாக இருக்கட்டும், ஆனால் ஓடிப் போக வேண்டும், ஒரே இடத்தில் உட்காரக் கூடாது.

அதே சமயம் ‘மெல்லமாக எரிப்போம், பெரிய மரங்களைக் காப்பாற்றுவோம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபர் பாதி சாகாமல் நின்றால் நிழல் அப்படியே இருக்கும், கன்றும் அரைகுறையாக எழும். நான் கணக்கெடுத்த இடங்களில் அடர்த்தியாகக் கன்று வந்ததெல்லாம் மேல்மரம் முழுக்கச் செத்த இடங்கள்தான். சுத்தமான ஆஸ்பென் தோப்பு லேசில் எரியாது. கீழே பச்சைச் செடியும் ஈரமும் இருப்பதால் காட்டுத்தீயே அங்கே வந்து படுத்துக்கொள்ளும். உங்கள் தோப்பில் ஃபர் புகுந்திருப்பது நோய்தான், ஆனால் தீயை உள்ளே இழுத்துச் செல்லும் விறகும் அதுதான். ஃபர் இன்னும் முற்றி ஆஸ்பென் வேர் மெலிந்துவிட்டால் எரித்தும் பயனிருக்காது.

அதனால் இந்தக் கோடையிலேயே தோப்புக்குள் நடந்து பாருங்கள். முழங்கால் உயரக் கன்றுகள் அங்கங்கே முளைத்து, நுனி கடிக்கப்பட்டு நின்றால் நல்ல செய்தி, வேர் உயிரோடு இருக்கிறது. ஒரு கன்றுகூட இல்லாமல் கிழட்டுத் தண்டு மட்டும் நின்றால் சில இடங்களில் வேரைத் தோண்டிப் பாருங்கள். 2002-ன் கடும் வறட்சிக்குப் பின் கொலராடோவில் தோப்பு தோப்பாக ஆஸ்பென் செத்தபோது மேலே தண்டோடு கீழே வேரும் செத்திருந்தது. அப்படிப்பட்ட தோப்பைத் தீ எழுப்பாது.

இப்போது மாடு. என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. எரித்த அடுத்த வருடம் அந்தக் கன்றுகளைவிட ருசியான தீனி மலையில் வேறெதுவும் இருக்காது. மாடு, எல்க் என்ற பெரிய மான், மியூல் மான் எல்லாம் அங்கேதான் வரும். கடித்த கன்று மறுபடி தளிர்க்கும், மறுபடி கடிபடும், ஒவ்வொரு தடவையும் வேர் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கும். சேமிப்புத் தீர்ந்ததும் எல்லாம் முடிந்தது. எரிக்காமல் விட்டால் உங்கள் தோப்பு இன்னும் பல வருடம் இழுத்துக்கொண்டு கிடக்கும். எரித்துவிட்டு மாட்டை உள்ளே விட்டால் சில வருடங்களிலேயே வேரோடு போய்விடும். மாட்டை வெளியே வைக்க முடியாத பண்ணை தயவுசெய்து எரிக்கவே வேண்டாம்.

பொதுவாக எரித்தபின் இரண்டு வளர்பருவம் மேய்ச்சல் ஓய்வு என்பார்கள். புல்லுக்கு அது சரி. ஆஸ்பெனுக்கு நாள்காட்டியைப் பார்க்காமல் கன்றின் உச்சியைப் பாருங்கள். நுனி மாட்டின் வாய்க்கும் எல்க்கின் வாய்க்கும் எட்டாத உயரம், சுமார் ஆறடி தாண்ட வேண்டும். நல்ல ஈரமான சரிவில் கன்று முதல் வருடமே இரண்டடிகூட வளரும், காய்ந்த இடத்தில் தாமதமாகும்.

நடுச்சரிவுச் சேஜ் பற்றி: எரிக்கும் முன் அது எந்த வகை என்று உறுதி செய்யுங்கள். பெரிய சேஜில் மூன்று உள்வகைகள் முக்கியம்: மலைச் சேஜ், வயோமிங் சேஜ், பேசின் சேஜ். மலைச் சேஜின் தலை வெட்டிவிட்டது போலச் சமமாக இருக்கும், பூத்தண்டுகள் மட்டும் அதற்குமேல் நீட்டிக்கொண்டு நிற்கும். சந்தேகம் இருந்தால் சுலபமான சோதனை ஒன்று உண்டு. சில இலைகளைக் கசக்கி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுங்கள், இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். மலைச் சேஜ் என்றால் தண்ணீர் பளிச்சென்று நீலமாக ஒளிரும். வயோமிங் சேஜ் என்றால் மங்கலாகத்தான் இருக்கும்.

இந்த மூன்றுமே எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் வர வேண்டும், விதையோ தாய்ச்செடியிலிருந்து சில அடி தூரத்துக்குள் விழும், மண்ணில் நீண்ட நாள் தாங்காது. அதனால்தான் திட்டுத்திட்டாக எரியுங்கள் என்கிறேன். எரிந்த திட்டுக்கு அருகில் எரியாத சேஜ் நின்றால் விதை வரும். மலைச் சேஜ் ஈரமுள்ள உயரத்தில் இருபது, முப்பது வருடத்தில் திரும்பிவிடும். அதற்குள் கொத்துப்புல்லும் பூச்செடிகளும் எழுந்து நிற்கும். ஸ்னோபெரி, சர்வீஸ்பெரி, சோக்செரி போன்ற புதர்கள் எல்லாம் வேரிலிருந்தே துளிர்க்கும். பிட்டர்பிரஷ் மட்டும் நம்ப முடியாதது, சில இடத்தில் துளிர்க்கும், சில இடத்தில் அப்படியே செத்துவிடும். மியூல் மானுக்குக் குளிர்காலத்தில் அதுதான் சோறு. அது நிறைய இருக்கும் மூலையை எரிப்பிலிருந்து விலக்கி வையுங்கள்.

சீட்கிராஸ்காரன் எழுதியது:

கருங்கோடு அண்ணா கீழ்ச்சரிவை ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் நெவாடாவில் எரிந்த நிலங்களுக்கு விதை போடும் வேலையில் இருக்கிறேன், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

5,000 அடி, தெற்குச் சரிவு, குட்டைச் சேஜ், இடையில் சீட்கிராஸ். நீங்கள் எழுதிய இந்த நான்கும் சேர்ந்தால் அது அநேகமாக வயோமிங் சேஜ் நிலம். மழை குறைவு, மண் சூடு. அங்கே சேஜ் திரும்ப ஐம்பது வருடத்துக்குமேல் ஆகும், நூறு ஆனாலும் ஆச்சரியமில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சீட்கிராஸ் தயாராகக் காத்திருக்கிறது. யுரேசியாவிலிருந்து வந்த ஓராண்டுப் புல் அது. இலையுதிர்காலத்திலேயே முளைத்து, குளிரிலும் வேர்விட்டு, வசந்தத்தில் உள்ளூர்க் கொத்துப்புல் எழுவதற்குள் மண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும். ஜூன் மாதம் கொத்துப்புல் இன்னும் பச்சையாக இருக்கும்போது இது காய்ந்து செந்நிறமாகிவிடும். கொத்துப்புல்லுக்கு நடுவே வெறும் மண் இருந்தால் தீ அங்கங்கே தடைபடும். சீட்கிராஸ் அந்த இடைவெளியை எல்லாம் காகிதம் போல நிரப்பிவிடும். ஒரு தடவை எரிந்தால் இன்னும் அதிகச் சீட்கிராஸ், அதனால் இன்னும் சீக்கிரம் அடுத்த தீ. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்துகொண்டிருந்த நிலம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எரியும் நிலைக்கு வந்துவிடுகிறது.

2018 ஜூலையில் வடக்கு நெவாடாவின் பாரடைஸ் வேலி பக்கம் ‘மார்ட்டின் தீ’ 4,35,000 ஏக்கருக்குமேல் எரித்தது. முந்தைய ஈரமான பருவங்களில் செழித்த சீட்கிராஸ்தான் அதற்குப் பெரிய தீனி. அப்படி எரிந்த நிலங்களில் விதை போடுகிறோம், முளைக்கிறதா என்று வருடா வருடம் போய்ப் பார்க்கிறோம். மழை தவறினால் பணம் மண்ணோடு போகிறது. இருக்கும் சேஜை இழக்காமல் காப்பது, இழந்தபின் நடுவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம்.

இன்னொன்று, சேஜ் கோழி. குளிர்காலத்தில் அந்தப் பறவை சேஜ் இலையைத் தவிர வேறெதையும் தின்பதில்லை என்றே சொல்லலாம். உங்கள் கீழ்ச்சரிவில் பனி குறைவாக இருந்தால், குளிரில் அவை இறங்கி வரும் இடம் அதுவாக இருக்கலாம். மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் ஆண் பறவைகள் கூடி ஆடும் திடல்களின் வரைபடம் இருக்கும். எரிப்புத் திட்டம் எழுதும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நடுச்சரிவிலும் சீட்கிராஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் திட்டையும் விட்டுவிடுங்கள். தெற்குப் பார்த்த மடிப்புகளில்தான் அது முதலில் ஏறும்.

மலையோரம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று மாமனாரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். கீழ்ச்சரிவை விட்டுவிட ஒப்புக்கொண்டார். தோப்பில் கடிபட்ட கன்றுகள் நிறைய இருக்கின்றன, அதனால் வேர் உயிரோடுதான் இருக்கிறது போல.

மாட்டை வேறு இடத்தில் வைக்க வழி இருக்கிறது. ஆனால் எல்க்கை எப்படித் தடுப்பது? தோப்பு முழுக்க எட்டடி வேலி போட எங்களிடம் பணம் இல்லை. ‘முதலில் ஐந்து ஏக்கர் எரித்துப் பார்ப்போம்’ என்று கணவர் சொல்கிறார். அப்புறம் என் பயம் அப்படியே இருக்கிறது: தீ கைமீறினால்?

கருங்கோடு எழுதியது:

ஐந்து ஏக்கர் எரிப்பதுதான் நான் பயப்படும் யோசனை. சுற்று வட்டாரத்து எல்க் எல்லாம் அந்த ஐந்து ஏக்கரில் வந்து நிற்கும், ஒரு கன்றும் தேறாது. தோப்பு பெரிது என்கிறீர்களே, முடிந்தவரை பெரிதாக எரியுங்கள், பல வாய்களுக்கும் தீனி பரவிப் போகட்டும். பக்கத்தில் இருப்பது தேசியக் காடு என்றால், அவர்களுக்கும் அங்கே ஆஸ்பென் எரிப்புத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு பக்கமும் எரிந்தால் உங்கள் கன்றுகள்மேல் பாரம் குறையும். யூட்டாவின் மன்ரோ மலையில் ஆஸ்பெனுக்காகப் பெரிய அளவில் எரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலிக்குப் பதில் இன்னொரு வழி உண்டு. ஓரத்து ஃபர் மரங்களை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இடுப்பளவுக்கு விழவிடுங்கள், கிளைகளைக் கழிக்க வேண்டாம். எல்க் அந்தச் சிக்கலுக்குள் கால் வைக்கத் தயங்கும். எரித்தபின் சாய்கிற கரிந்த தண்டுகளும் இதே வேலையைச் செய்யும், அவற்றை விறகுக்கென்று இழுத்து வராதீர்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு சின்னத் துண்டை மட்டும் வேலி போட்டு வைத்தால், வெளியே கன்று வளராததற்கு வேர் காரணமா, வாய் காரணமா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கைமீறுவது பற்றி. உங்கள் பயம் நியாயமானது. நியூ மெக்சிகோவில் நடந்தது இரண்டு தீ. ஹெர்மிட்ஸ் பீக் தீ, 2022 ஏப்ரல் 6 அன்று வைத்த திட்டமிட்ட தீயிலிருந்து காற்றில் தப்பியது. காஃப் கேன்யன் தீ, ஜனவரியில் எரித்த விறகுக் குவியலில் பனிக்கடியிலும் அணையாமல் கனன்று ஏப்ரலில் கிளம்பியது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கர். அந்த மே மாதம் வனத்துறை நாடு முழுக்கத் திட்டமிட்ட எரிப்பை 90 நாள் நிறுத்தி ஆராய்ந்தது. நிலம் தாங்கள் கணித்ததைவிடக் காய்ந்திருந்தது என்று அவர்களே எழுதினார்கள். வருடத்துக்குச் சுமார் 4,500 எரிப்புகளில் 99.84 சதவீதம் திட்டப்படியே முடிகின்றன என்று அப்போது சொன்னார்கள். மிச்சத்தில் ஒன்று உங்கள் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

எரிப்புத் திட்டத்தில் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், விறகின் ஈரம் எல்லாவற்றுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை எழுதியிருக்கும். ஒன்று தாண்டினாலும் அன்று தீ கிடையாது, எத்தனை பேர் வந்து காத்திருந்தாலும் சரி. முதலில் ஓரமாக ஒரு சோதனைத் தீ வைத்து அது எப்படி நடக்கிறது, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அதனால் உச்சியில் தொடங்கி அங்கே ஒரு கருங்கோடு, அதாவது தீ தாண்டாதபடி முன்கூட்டியே எரித்துவிட்ட பட்டை, போட்டுக்கொள்வோம், அதற்குப் பிறகு பட்டை பட்டையாகக் கீழே இறங்கி வைத்துக்கொண்டு வருவோம். ஒவ்வொரு பட்டையும் மேலே எரிந்து முடிந்த கருப்பில் போய் முட்டி நிற்கும்.

எரிப்பு முடிந்த பிறகு வரும் நாட்களை யாரும் படம் எடுப்பதில்லை, ஆனால் காஃப் கேன்யனுக்குப் பிறகு எனக்கு அதுதான் முக்கியம். கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மிக அருகில் வைத்து எல்லைக்கோடு நெடுகத் தவழ்ந்து போவோம். சூடு தட்டிய இடத்தைக் கிளறி, தண்ணீர் விட்டு, மறுபடி கை வைப்போம். அடிமரப் பொந்தும் ஃபர் வேரும்தான் ஏமாற்றும், மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும்போதே உள்ளே கனல் வேர் வழியாக ஊர்ந்துகொண்டிருக்கும். முதல் பனி விழுந்துவிட்டது என்று யாராவது வீட்டுக்குக் கிளம்பினால் விடாதீர்கள்.

இதை எல்லாம் நீங்களும் மாமனாருமாகச் செய்ய வேண்டாம். சான்றிதழ் பெற்ற எரிப்புப் பொறுப்பாளர் ஒருவர் திட்டத்தை எழுதிக் களத்தில் நின்று நடத்த வேண்டும். ஐடஹோவில் மே 10 முதல் அக்டோபர் 20 வரை எரிக்க மாநில நிலத்துறையின் அனுமதி கட்டாயம், புகை விதிகள் தனி. மத்திய அரசின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, ‘ஈக்விப்’ திட்டத்தின் கீழ் எரிப்புச் செலவில் ஒரு பங்கைத் தர வாய்ப்புண்டு. விண்ணப்பம் பார்த்து முடிவெடுக்க நாளாகும் என்பதால் இப்போதே போட்டு வையுங்கள். எனக்கு இந்த இலையுதிர்காலத்தில் அவசரமாக எரிப்பதில் உடன்பாடில்லை. இந்த வருடம் ஓரத்து ஃபரை வெட்டிச் சாய்த்துக் காயவிடுங்கள், மாட்டுக்கு மாற்று மேய்ச்சலை எழுத்தில் உறுதி செய்யுங்கள், தோப்பிலும் நடுச்சரிவிலும் சில இடங்களில் அடையாள முளைக்குச்சி அடித்து, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, அங்கிருந்து ஒரே திசையில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த செப்டம்பரில் உறைபனி பட்டுப் புல் காய்ந்ததும் பொறுப்பாளரைக் கூப்பிடலாம். சேஜ் சோதனையில் தண்ணீர் என்ன நிறம் காட்டியது என்று மட்டும் இங்கே எழுதுங்கள், நடுச்சரிவில் எந்தத் திட்டை எரிப்பது என்று அதை வைத்துப் பேசுவோம்.